‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ (1939): வானவில்லுக்கு அப்பால் போக ஏங்கிய டோரதி, போனவுடன் வீட்டுக்கு வழி கேட்பது ஏன்?

கேள்வி: மஞ்சள்சாலை

வணக்கம். மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் 1939-இல் வெளியிட்ட ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தைச் சென்ற வாரம் என் எட்டு வயது மகளுடன் அமர்ந்து முழுமையாகப் பார்த்தேன். சிறு வயதில் நான் பார்த்தது துண்டு துண்டாகத்தான். மஞ்சள் செங்கல் சாலையும், பறக்கும் குரங்குகளும், தண்ணீர் பட்டுக் கரைந்துபோகும் சூனியக்காரியும் மட்டுமே நினைவில் தங்கியிருந்தன. படம் முடிந்ததும் மகள் மூன்று கேள்விகள் கேட்டாள். ஒன்றுக்குக்கூட உருப்படியான விடையை என்னால் சொல்ல இயலவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது கேள்வி தலைப்பில் இருக்கிறது. துன்பமே இல்லாத ஓர் இடம் வானவில்லுக்கு அப்பால் இருக்கிறது என்று அவ்வளவு உருகிப் பாடியவள், கண்ணைப் பறிக்கும் நிறங்களோடு ஓஸ் என்னும் அப்படியோர் இடம் எதிரே விரிந்த சில நிமிடங்களிலேயே தன் ஊரான கான்சஸுக்குத் திரும்பும் வழியைத் தேடத் தொடங்கிவிடுகிறாள். இரண்டாவது கேள்வி, மாணிக்கக் காலணிகளின் குதிகால்களை மூன்று முறை தட்டினால் போதும் என்பது நல்ல சூனியக்காரி கிளிண்டாவுக்கு முன்பே தெரியுமென்றால், அதைத் தொடக்கத்திலேயே சொல்லாமல் அந்தக் குழந்தையை ஏன் அலைக்கழித்தாள் என்பது. சோளக்கொல்லைப் பொம்மையும் படத்தில் இதையே கேட்கிறது. ‘சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள், தானாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது’ என்கிற பொருளில் கிளிண்டா சொல்லும் பதிலை என் மகள் ஒரு சிறிதும் ஏற்கவில்லை.

மூன்றாவது கேள்வி என்னையே திடுக்கிட வைத்தது. நாய் டோட்டோவைப் பிடித்துப் போக ஷெரீஃபின் உத்தரவோடு வந்த மிஸ் கல்ச், மறுநாளும் சைக்கிளில் வந்துவிட மாட்டாரா? இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட எனக்கு இது தோன்றியதில்லை. இவற்றோடு என்னுடைய ஐயம் ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: எல்லாம் கனவு என்று முடிப்பது மூல நூலிலும் உண்டா?

மறுமொழி: இரவுக்காட்சி

உங்கள் மகளின் முதல் கேள்விக்கு விடை படத்தின் முதல் இருபது நிமிடங்களுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் பெரும்பாலோர் கான்சஸில் நடக்கும் அந்தப் பழுப்புநிறப் பகுதியை, வண்ணம் எப்போது வரும் என்று காத்திருந்தே கடந்துவிடுகிறோம்.

டோரதி வீடு திரும்பும் பயணம் ஓஸ் நாட்டில் தொடங்குவதில்லை, கான்சஸிலேயே தொடங்கிவிடுகிறது. கூடையிலிருந்து குதித்துத் தப்பி வந்த நாயைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டைவிட்டு ஓடிப்போகிறாள். வழியில் பேராசிரியர் மார்வெல் என்னும் குறிசொல்லியைச் சந்திக்கிறாள். அவர் அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அவளுடைய கூடையைத் துழாவி ஒரு புகைப்படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டு, பிறகு படிகக் கோளத்தில் தெரிவதுபோல ஒரு பெண் அழுவதையும், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்வதையும் வருணிக்கிறார். (அத்தையின் பெயர் எம். ‘எம் அத்தை’ என்று தமிழில் எழுதினால் ‘எங்கள் அத்தை’ என்று பொருள்பட்டுவிடுகிறது. ஆகவே இனி வெறுமனே அத்தை என்றே குறிப்பிடுகிறேன்.) அதைக் கேட்ட நொடியே டோரதி வீட்டை நோக்கி ஓடுகிறாள். அவள் வந்து சேர்வதற்குள் சூறாவளி வந்துவிடுகிறது. மற்றவர்கள் இறங்கிவிட்ட நிலவறையின் கதவைக் காலால் உதைத்துப் பார்த்தும் திறக்கவில்லை. வீட்டுக்குள் போகிறாள், பெயர்ந்து விழுந்த சன்னல் தலையில் அடிக்கிறது.

ஆகவே அவள் ஓஸில் கண் விழிக்கும்போது, பயணம் போக விரும்பிய பெண்ணாக விழிக்கவில்லை. அத்தைக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி ஓடிவந்து, வாசல்வரை வந்தும் அத்தையைப் பார்க்க முடியாமல் போன பெண்ணாக விழிக்கிறாள். வானவில் பாட்டுக்கும் இந்த விழிப்புக்கும் இடையில் அவளுக்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இந்தப் படம் கட்டப்பட்டிருக்கும் விதத்தில் நான் மிகவும் வியக்கும் இடம் இதுவே. பின்னால் சூனியக்காரியின் கோட்டையில் மணற்கடிகாரம் வடிந்துகொண்டிருக்கும்போது இன்னொரு படிகக் கோளம் வருகிறது. அதில் அத்தை தோன்றி டோரதியைக் கூப்பிட்டுத் தேடுகிறார், இவள் கத்துவது அங்கே கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் சூனியக்காரியின் முகமாக மாறி அவளைப் போலவே குரல் மாற்றிக் கேலி செய்கிறது. முதல் கோளத்தில் பொய்யாகச் சொல்லப்பட்டதைத்தான் இரண்டாவது கோளம் உண்மைபோலக் காட்டுகிறது. பறக்கும் குரங்குகளைவிட என்னைச் சிறு வயதில் அதிகம் அச்சுறுத்தியது இந்தக் காட்சிதான்.

இன்னும் சற்று முன்னே போனால், அந்தப் பாட்டு எதனால் வந்தது என்பதும் தெரியும். அடைகாப்புப் பெட்டி பழுதாகிவிட்டதால் அத்தையும் மாமா ஹென்றியும் கோழிக்குஞ்சுகளை அவசர அவசரமாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நாய்க்கு வந்த ஆபத்தைச் சொல்ல வந்த சிறுமியின் பேச்சைக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. பண்ணையாட்களும் தத்தம் வேலையில் இருக்கிறார்கள். தொல்லை எதிலும் மாட்டிக்கொள்ளாத ஓர் இடமாகப் பார்த்துப் போய் இரு என்று அத்தை அலுத்துக்கொண்டு சொல்ல, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அப்படி ஓர் இடம் இருக்குமா என்று நாயிடம் கேட்டபடிதான் டோரதி பாடத் தொடங்குகிறாள். கடைசிக் காட்சியைப் பாருங்கள்: அதே அத்தையும் மாமாவும் பண்ணையாட்கள் மூவரும் வேலையை விட்டுவிட்டுக் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள், சன்னலில் மார்வெல் எட்டிப் பார்க்கிறார். அவள் சொல்வதை அவர்கள் நம்பவில்லை, ஆனால் கேட்கிறார்கள். அவள் விட்டு ஓடிய வீட்டுக்கும் திரும்பி வந்த வீட்டுக்கும் நான் காணும் வேறுபாடு அவ்வளவே.

மூன்றாவது கேள்விக்கு நேர்மையான விடை, படம் அதை மறந்துவிட்டது என்பதுதான். சூறாவளியில் சன்னலுக்கு வெளியே சைக்கிளில் பறக்கும் மிஸ் கல்ச் சூனியக்காரியாக உருமாறுவதையும், பிறகு சூனியக்காரி கரைந்துபோவதையும் வைத்து, கல்ச் புயலில் இறந்துவிட்டார் என்று சிலர் வாதிடுவதுண்டு. அவை இரண்டும் அவள் மயங்கிக் கிடந்தபோது கண்டவை. ஷெரீஃபின் உத்தரவு அப்படியேதான் இருக்கிறது.

மறுமொழி: பழையபுத்தகம்

கனவு மூல நூலில் இல்லை. எல். ஃபிராங்க் பாம் 1900-இல் டபிள்யூ. டபிள்யூ. டென்ஸ்லோவின் ஓவியங்களோடு வெளியிட்ட கதையில் ஓஸ் உண்மையான நாடு, சூறாவளி உண்மையிலேயே வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் இறுதியில் டோரதி வந்து இறங்கும்போது அங்கே நிற்பது மாமா ஹென்றி கட்டிய புது வீடு. கடைசி அத்தியாயம் மிகச் சிறியது. அத்தை முட்டைக்கோசுக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வருகிறார், நிமிர்ந்து பார்த்தால் குழந்தை ஓடி வருகிறது, வாரி அணைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். காலணிகள் வழியில் பாலைவனத்தின் மேலே பறந்து வரும்போதே கழன்று விழுந்துவிடுகின்றன. அவை நூலில் வெள்ளிக் காலணிகள். திரைக்கதை எழுதியவர்களுள் ஒருவரான நோயல் லாங்லிதான் டெக்னிகலர் வண்ணத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவற்றை மாணிக்கமாக்கினார்.

உங்கள் மகளின் இரண்டாவது கேள்விக்கும் நூலில் வேலையே இல்லை. பாம் எழுதியது இரண்டு நல்ல சூனியக்காரிகளை. டோரதியை முதலில் வரவேற்பவள் வடதிசைக்காரி. அவளோ மற்றவர்களோ அந்தக் காலணிகளில் ஏதோ மந்திரம் உண்டு என்று அறிவார்களே தவிர, அது என்னவென்று அறியார்கள். காலணிகளின் இரகசியம் தெரிந்த கிளிண்டா தென்திசையைச் சேர்ந்தவள். மந்திரவாதியின் பலூன் டோரதியை விட்டுவிட்டுப் பறந்துபோன பிறகு, அடிக்கும் மரங்களையும் பீங்கான் பொம்மைகளின் நாட்டையும் சம்மட்டித் தலையர்களின் குன்றையும் கடந்து நெடுந்தூரம் நடந்துபோய்த்தான் டோரதி கிளிண்டாவைச் சந்திக்கிறாள். சந்தித்ததும் கிளிண்டா சொல்லிவிடுகிறாள். படத்துக்கு அவ்வளவு நீளம் தாங்காது என்று அந்தத் தெற்குப் பயணத்தை வெட்டி, இரு பாத்திரங்களையும் ஒன்றாக்கியதில் விழுந்த ஓட்டையைத்தான் உங்கள் மகள் கண்டுபிடித்திருக்கிறாள். ‘தானாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது’ என்பது அந்த ஓட்டையின் மேல் போடப்பட்ட ஒட்டு. அந்த ஒட்டே பிற்காலத்தில் படத்தின் தத்துவமாகக் கொண்டாடப்படுவதைக் காணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

நண்பர் இரவுக்காட்சி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நூலில் டோரதி ஓடிப்போவதே இல்லை. மிஸ் கல்ச்சும் இல்லை, மார்வெலும் இல்லை. புல்வெளியும் வீடும் அத்தையின் கண்களும் கன்னங்களும் சாம்பல் நிறமாகிவிட்ட ஓர் இடத்திலிருந்து காற்று அவளை வாரிக்கொண்டு போகிறது. பாம் 1888 முதல் 1891 வரை டகோட்டாவின் அபர்தீன் ஊரில் கடையொன்றும் பிறகு செய்தித்தாளொன்றும் நடத்தி இரண்டிலும் நொடித்துப்போனவர். வறட்சியில் அந்தச் சமவெளி என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தவர். இவ்வளவு அழகான நாட்டை விட்டுவிட்டு அந்த வறண்ட இடத்துக்கு ஏன் போக விரும்புகிறாய் என்று நூலில் சோளக்கொல்லைப் பொம்மை கேட்கிறது. உனக்கு மூளை இல்லாததால் அப்படிக் கேட்கிறாய், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் இரத்தமும் சதையுமான எங்களுக்கு எங்கள் வீடுதான் பிடிக்கும் என்கிறாள் டோரதி. அதற்குப் பொம்மை, மனிதர்களுக்கும் தன்னைப் போல வைக்கோல் தலை இருந்தால் கான்சஸில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள், உங்களுக்கு மூளை இருப்பது கான்சஸ் செய்த நற்பேறு என்கிறது. வீட்டைப் பற்றிய இந்தக் கதையின் புகழ்பெற்ற கொள்கையை நூலாசிரியர் எவ்வளவு விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். படத்தில் அந்தக் குறும்பு காணாமல் போய்விட்டது.

மறுமொழி: நிறப்பிரிகை

இரவுக்காட்சி அவர்களின் விளக்கம் திரைக்கதையைப் பொறுத்தவரை சரியானது. ஆயினும் திரையில் கண்ணுக்குத் தெரிவது அதற்கு நேர் எதிரானதையே சொல்கிறது என்பது என் வாதம். உங்கள் மகளுக்குக் குழப்பம் வந்ததும் அதனால்தான்.

டோரதி கதவைத் திறக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே படச்சுருள் மாறுவதில்லை. வீட்டின் உட்புறம் முழுவதற்கும் பழுப்பு வண்ணம் பூசி, டோரதியாக நடித்த ஜூடி கார்லண்டுக்குப் பதிலாகப் பழுப்புநிற உடை அணிந்த வேறொரு பெண்ணை முதுகு காட்டி நிற்கவைத்து, முழுவதையும் டெக்னிகலரிலேயே படமெடுத்தார்கள். அவள் கதவைத் திறந்து ஒதுங்கியதும் நீலக் கட்டம்போட்ட உடையோடு கார்லண்ட் சட்டகத்துக்குள் நடந்து வருகிறார். ஒரே ஓட்டத்தில் மங்கலிலிருந்து நிறத்துக்குள் நுழைந்துவிடுகிறோம். அன்றைய மூன்று சுருள் டெக்னிகலர் கேமராவுக்கு வேண்டிய வெளிச்சத்தால் படப்பிடிப்புத் தளம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிக் கொதித்தது. அந்த வெக்கையில் சிங்கவேடத்தின் கனத்த தோலைப் போட்டுக்கொண்டு நின்ற பெர்ட் லாரை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு பாடுபட்டு ஓஸ் நாட்டுக்கு நிறத்தை எல்லாம் வாரி இறைத்துவிட்டு, இறுதியில் பழுப்புக்குத் திரும்பி, இதைவிடச் சிறந்த இடம் இல்லை என்று வாயால் சொன்னால் எந்தக் குழந்தை நம்பும்? சல்மான் ருஷ்டி 1992-இல் இந்தப் படத்தைப் பற்றி எழுதிய சிறு நூலிலும் இதே மனக்குறையை வெளியிட்டிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை இது புறப்பட்டுப் போவதன் மகிழ்ச்சியைச் சொல்லும் படம்.

அந்தப் பழுப்பும் எல்லாத் தலைமுறைக்கும் கிடைக்கவில்லை. 1949 மறுவெளியீட்டின்போது கான்சஸ் காட்சிகளை வெறும் கறுப்பு வெள்ளையாக அச்சிட்டார்கள். பழுப்பு திரும்பி வந்தது 1989-இல், ஐம்பதாம் ஆண்டு வீடியோ வெளியீட்டில்தான். 1956 நவம்பர் 3 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி முதன்முறையாக ஒளிபரப்பியபோது பெரும்பாலான வீடுகளில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் என்பதால், அன்று பார்த்தவர்களுக்குக் கான்சஸும் ஓஸும் ஒரே நிறத்தில் இருந்திருக்கும். ஒருவேளை அவர்களுக்கு டோரதியின் முடிவு எளிதாகப் புரிந்திருக்கலாம்!

இன்னொன்று. ஹெரால்டு ஆர்லென் இசையமைத்து ஈ. ஒய். ஹார்பர்க் எழுதிய அந்த வானவில் பாட்டை, முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு, கதையை இழுக்கிறது என்று சொல்லி வெட்டிவிட்டார்கள். தயாரிப்பில் பங்குகொண்ட ஆர்தர் ஃபிரீட் போன்றோர் சண்டையிட்டு மீட்டார்கள். அதற்கே பிறகு ஆஸ்கர் விருது கிடைத்தது. ஆனால் அதே பாட்டு இரண்டாவது முறையாகவும் படத்தில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. சூனியக்காரியின் கோட்டையில் அடைபட்டு, மணற்கடிகாரத்தின் முன்னால், டோரதி அழுதுகொண்டே அதைப் பாடுவதாக எடுத்திருந்தார்கள். அது மீட்கப்படவே இல்லை. இன்று ஒலிப்பதிவு மட்டும் எஞ்சியிருக்கிறது. அது படத்தில் இருந்திருந்தால், வானவில்லுக்கு அப்பால் இருக்கும் இடம் இப்போது கான்சஸ்தான் என்று எட்டு வயதுக் குழந்தைக்கும் ஒரு சொல் விளக்கமின்றிப் புரிந்திருக்கும்.

மறுமொழி: இரவுக்காட்சி

கோட்டைப் பாட்டை நான் மறந்தே போனேன், நினைவூட்டியமைக்கு நன்றி. நிறத்தைப் பற்றிய வாதத்தை மட்டும் முழுதாக ஏற்க இயலவில்லை. பழுப்புக் காட்சிகளை அவ்வளவு இளக்காரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இயக்குநர் விக்டர் ஃபிளெமிங் ‘கான் வித் த விண்ட்’ படத்துக்குப் போய்விட்டதால், வானவில் பாட்டு உட்படக் கான்சஸ் பகுதியை இயக்கியவர் கிங் விடோர். திரையில் அவர் பெயர் கிடையாது. வைக்கோல் குவியலில் சாய்ந்தும் பழைய வண்டிச் சக்கரத்தின் அருகே நகர்ந்தும் பாடும் அந்தப் பெண்ணைக் கேமரா பின்தொடரும் மென்மை, ஓஸ் நாட்டின் எந்த நடனத்திலும் இல்லை. நிறமில்லாத இடத்தையும் அன்போடு பார்க்க முடியும் என்பதை விடோர் அந்த ஒரு பாட்டில் காட்டிவிட்டார்.

மறுமொழி: மஞ்சள்சாலை

மூவருக்கும் நன்றி. மகளை அருகில் அமர்த்தி முதல் இருபது நிமிடங்களை மட்டும் மறுபடி ஓட்டினேன். மார்வெல் கூடையிலிருந்து புகைப்படத்தை எடுக்கும் இடத்தில் ‘ஏமாற்றுகிறார், ஆனால் நல்லதற்காக ஏமாற்றுகிறார்’ என்றாள். பிறகு அவளாகவே, மரகத நகரத்து மந்திரவாதியும் இவரேதானே என்று கண்டுகொண்டாள். அவராக நடித்த ஃபிராங்க் மோர்கன் படத்தில் ஏற்ற வேடங்கள் ஐந்து என்று சொன்னதும் வாயிற்காவலனையும் குதிரைவண்டிக்காரனையும் அரண்மனைக் காவலனையும் தேடிப் பிடிக்கப் படத்தை இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டியதாயிற்று.

கிளிண்டா இருவராக இருந்து ஒருவராக ஆக்கப்பட்டவள் என்ற விளக்கம் அவளுக்கு முழு நிறைவைத் தந்தது. ‘அப்போது தவறு கிளிண்டா மேல் இல்லை, எழுதினவர்கள் மேல்’ என்று தீர்ப்பளித்துவிட்டாள். ஆனால் நாயைப் பற்றிய கவலை தீரவில்லை. படம் மறந்துவிட்டது என்ற விடையை அவள் விடையாகவே மதிக்கவில்லை. மூல நூலின் தொடர்ச்சிகளிலாவது டோட்டோவுக்கு ஒரு பாதுகாப்பு உண்டா?

மறுமொழி: பழையபுத்தகம்

உண்டு என்று தாராளமாகச் சொல்லுங்கள். பாம் எழுதிய ஓஸ் நாவல்கள் மொத்தம் 14. அவற்றுள் ஆறாவதாக 1910-இல் வந்த ‘தி எமரால்டு சிட்டி ஆஃப் ஓஸ்’ நூலில், புது வீடு கட்ட வாங்கிய அடமானக் கடனை மாமா ஹென்றியால் அடைக்க முடியாமல், பண்ணையே கைவிட்டுப் போகும் நிலை வருகிறது. டோரதி தன் தோழியும் ஓஸ் நாட்டு அரசியுமான ஓஸ்மாவிடம் கேட்டு, அத்தையையும் மாமாவையும் அங்கேயே அழைத்துக்கொள்கிறாள். டோட்டோவும் உடன் போகிறது. பிறகு அவர்கள் கான்சஸுக்குத் திரும்பவில்லை. எந்த ஷெரீஃபின் உத்தரவும் அந்தப் பாலைவனத்தைத் தாண்டிச் செல்லாது.

உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள். ஓஸ் நாட்டுக்குள் வந்துவிட்டால் விலங்குகளுக்குப் பேச்சு வந்துவிடும். டோட்டோ மட்டும் பேசுவதே இல்லை. 1914-இல் வந்த ‘டிக்-டாக் ஆஃப் ஓஸ்’ நூலில்தான் விஷயம் வெளிப்படுகிறது: அதற்கும் முதலிலிருந்தே பேசத் தெரியும், பேச விருப்பமில்லாமல் சும்மா இருந்திருக்கிறது.